மென்று தின்னட்டும் குழந்தைகள்

"கரும்பு தின்னக் கூலியா?" என்பது நம் பழமொழி. பொங்கல் வந்தால் மாதுங்காவிலும் தாராவியிலும் கரும்புக் கட்டுகள் வந்து இறங்குகின்றன. ஊரை விட்டு எத்தனை காலம் ஆனாலும் நம் குடும்பங்கள் அவற்றை வாங்காமல் இருப்பதில்லை. ஆனால் பூசை முடிந்த பிறகு அந்தக் கரும்பைத் தின்பவர் யார்? பெரியவர்கள் ஆசைக்கு இரண்டு கணு கடிக்கிறார்கள். பல்லால் பட்டையை உரித்து, சக்கையைத் துப்பித் துப்பித் தின்னும் பிள்ளைகளோ குறைந்து வருகிறார்கள். தோலைச் சீவிச் சிறு துண்டாக நறுக்கித் தந்தால் ஒன்றிரண்டு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இல்லையேல் சாறு போதும் என்கிறார்கள். கூலி கொடுத்தாலும் கரும்பு தின்னத் தயங்கும் பிள்ளைகளை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது ருசி மாறிய விஷயம் என்று விட்டுவிடலாம். ஆனால் மெல்லும் பழக்கத்துக்கும் முக எலும்பு வளர்வதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைப் பல் மருத்துவ ஆராய்ச்சி பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. பிழைப்புக்காக நகரத்தில் ஓர் அறையில் குடித்தனம் செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் இதற்கான தடுப்பு முறைக்குக் காசு அநேகமாகத் தேவையில்லை. தவறவிட்டால் பின்னால் ஏற்படும் செலவோ குமாஸ்தா சம்பளத்திற்கு எட்டாதது.

எலும்பு என்றதும் கல்லைப் போல மாறாத பொருள் என்று நினைக்கிறோம். அது தவறு. எலும்பு உயிருள்ளது. அதில் பழையதைக் கரைக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. சுமை விழும் இடத்தில் எலும்பு கூடுகிறது. சுமை இல்லாத இடத்தில் தேய்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். டென்னிஸ் ஆட்டக்காரரின் ஆடும் கை எலும்பு மற்றக் கை எலும்பைவிடத் தடித்திருப்பது இதனால்தான். இதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு. பல்லெல்லாம் விழுந்த பாட்டியின் முகத்தைப் பாருங்கள். பல் போனதும் அதைத் தாங்கி நின்ற தாடை எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. அது கரைந்து தாழ்கிறது. மோவாய் மூக்கை நோக்கி ஏறி வருகிறது. வேலை போனால் எலும்பும் போகும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மெல்லுவதற்கென்று முகத்தின் இரு பக்கமும் நான்கு ஜோடித் தசைகள் உள்ளன. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தின் பின்பக்கம் விரலை வைத்தால் புடைப்பாகத் தெரிவது ஒன்று. நெற்றிப் பொட்டில் விரலை வைத்தால் அசைவது இன்னொன்று. மற்ற இரண்டும் உள்ளே மறைந்திருக்கின்றன. இவை ஒவ்வொரு கவளத்திற்கும் தாடையை இழுத்து அழுத்துகின்றன. அந்த இழுப்பும் அழுத்தமும்தான் வளர்கிற தாடைக்குக் கிடைக்கும் சுமை.

இதில் காலம் முக்கியமானது. மண்டை ஓடு ஆறு வயதுக்குள் பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. கீழ் முகமும் தாடையும் பருவ வயது முடியும் வரை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே பால் பல் முளைக்கத் தொடங்கும் நாள் முதல் மீசை அரும்பும் காலம் வரை பிள்ளை எதை, எப்படித் தின்கிறது என்பது தாடையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பல்லின் கணக்கோ வேறு. முளைத்து வந்த பல்லின் அளவு பிறகு மாறுவதில்லை. பல் தன் முழு அளவில் வந்து நிற்க, தாடை அதற்கு வேண்டிய இடம் தராவிட்டால் என்ன நடக்கும்? பத்துப் பேர் படுக்கும் அறையில் பதினான்கு பேர் படுத்தால் என்ன ஆகும் என்பது மும்பைத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்லின் மேல் பல் ஏறுகிறது. ஒன்று முன்னே துருத்துகிறது. ஒன்று திரும்பி நிற்கிறது.

இது வெறும் ஊகமல்ல. மெதுவான உணவு கொடுத்து வளர்த்த எலிகளின் தாடை, கடின உணவு தின்ற எலிகளின் தாடை அளவுக்கு வளரவில்லை என்று 1951-லேயே வாட், வில்லியம்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2004-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழுவினர், முயல் அளவுள்ள ஹைராக்ஸ் என்ற பிராணியைச் சோதித்தார்கள். ஒரே தீனியைச் சிலவற்றுக்குச் சமைத்து மெதுவாக்கியும், சிலவற்றுக்குச் சமைக்காமலும் கொடுத்தார்கள். மெதுவான தீனி தின்றவற்றின் முகத்தின் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் ஏறத்தாழ 10 சதவிகிதம் குறைவாகவே வளர்ந்தன. மனிதரிடமும் இதன் சாயல் தெரிகிறது. பிறவியிலேயே தசை நலிவு நோயுள்ள குழந்தைகளில் பலருக்கு முகம் நீண்டு, வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் நிற்பதை மருத்துவர்கள் காண்கிறார்கள்.

நமக்கு மிக அருகிலுள்ள சாட்சி சண்டீகரிலிருந்து வருகிறது. அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி, இந்திய ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து வட இந்தியாவில் பல் வரிசை பற்றி நடத்திய ஆய்வு 1983-ல் வெளியாயிற்று. சண்டீகர் நகரத்து இளைஞர்களையும் சுற்றுப்புறப் பஞ்சாப் கிராமத்து இளைஞர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு சாராரும் ஒரே மக்கள். ஒரே மொழி பேசுபவர்கள். சண்டீகர் 1950-களில் புதிதாக எழும்பிய நகரம். அதில் வளர்ந்தவர்களுக்கும் கிராமத்தில் இருந்தவர்களுக்கும் இடையே பரம்பரை வேறுபாடு தோன்ற நேரமே இல்லை. வேறுபாடு உணவில்தான். கிராமத்தில் கரடுமுரடான உணவு; நகரத்தில் பக்குவப்படுத்திய மெதுவான உணவு. கிராமத்து இளைஞர்களின் பல் வரிசை ஒழுங்காக இருந்தது. நகரத்து இளைஞர்களிடம் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, இங்கிலாந்தில் குடியேறிய சீனர்களையும் அங்கேயே வளர்ந்த அவர்களது பிள்ளைகளையும் ஒப்பிட்டு வெளியான ஆய்விலும், புதிய நாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் பல் வரிசையே அதிகம் ஒழுங்கு தவறியிருந்தது.

குடியேறியவர்களின் பிள்ளைகள் என்றதும் நாம் நம்மை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து இங்கே வந்தவர்களின் பால்ய காலத்தை எண்ணிப் பாருங்கள். தை மாதத்தில் பனங்கிழங்கை நார் நாராக உரித்து மென்றோம். வறுத்த புளியங்கொட்டையை நாள் முழுதும் வாயில் அடக்கிக் கடித்தோம். சோளக்கதிர், கம்பு, வறுத்த பயறு, மாங்காய், கொய்யா என்று வாய்க்கு ஓயாமல் வேலை இருந்தது. அதே குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்று காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், மத்தியானம் குழைத்த சாதம், மாலையில் பாவ், இரவில் இரண்டு நிமிஷத்தில் வெந்த நூடுல்ஸ் என்று வளர்கிறது. நாள் முழுதும் சாப்பிட்டும் தாடைக்கு வேலை இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். பல் கோணலாக இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் மெதுவான உணவே காரணம் என்று நாம் சொல்லவில்லை. முகத்தின் அமைப்பில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. தகப்பனின் மோவாயும் தாயின் பல் வரிசையும் பிள்ளைக்கு வருவது இயற்கை. சாப்பாட்டை மாற்றினால் முகம் முழுவதும் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1987-ல் வெளியான ஓர் ஆய்வில், முகம் நீண்டிருந்த 13 குழந்தைகளுக்கு ஓராண்டு காலம் கெட்டியான பிசினை மெல்லும் பயிற்சி தந்தார்கள். கடிக்கும் வலு கூடியது; தாடை வளரும் திசையிலும் பலரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் 13 பேரை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது. பரம்பரை வீட்டுக்கு வரைபடம் தருகிறது என்றால், உபயோகம் அந்த வீட்டின் சுவர் எவ்வளவு எழும்பும் என்பதில் ஒரு பங்கை நிர்ணயிக்கிறது. வரைபடம் நம் கையில் இல்லை. மற்றப் பங்கு நம் கையில்தான் இருக்கிறது.

தாய்மார்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. தண்ணீர் வரும் நேரத்தில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு, குழந்தை அரை மணி நேரம் மென்று முடிக்கும் வரை காத்திருக்க எங்கே நேரம்? மிக்சியில் அடித்து, செல்போனில் படத்தைக் காட்டி, பத்து நிமிஷத்தில் ஊட்டி முடிப்பது சோம்பலால் அல்ல, அவசரத்தால். ஆகவே வீட்டிலுள்ள ஆண்கள் காதிலும் இது விழ வேண்டும். விடுமுறை நாளிலாவது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது மெல்லும் வரை பொறுத்திருப்பது தகப்பனாலும் ஆகக்கூடிய காரியம்தான்.

என்ன செய்யலாம்? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது எல்லா மருத்துவர்களும் ஒத்துக்கொண்ட விஷயம். தாய்ப்பால் குடிப்பதே குழந்தையின் தாடைக்கு முதல் தேகப்பயிற்சி. புட்டியில் பால் தானாக வழிகிறது. மார்பில் குழந்தை கீழ்த்தாடையை முன்னே நீட்டி உழைத்துத்தான் குடிக்க வேண்டும். புட்டிப் பாலுக்கு விளம்பரம் செய்வதை 1992-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்ததற்குக் குழந்தைகளின் பொது ஆரோக்கியமே காரணம். தாடைக்கும் அதனால் நன்மை உண்டு. ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவு. எட்டு மாத அளவில் கையில் பிடித்துத் தின்னும் மெதுவான துண்டுகள். ஒரு வயதில் வீட்டார் சாப்பிடும் சாப்பாடே என்று படிப்படியாக ஏற வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் கூழாகக் கரைத்து ஊட்டுவது அன்பு போலத் தோன்றினாலும் அதனால் பிள்ளைக்கு நன்மை இல்லை.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு நிலக்கடலை, வறுத்த பட்டாணி, கெட்டி மிட்டாய் போன்றவற்றைத் தரக்கூடாது. மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த வயதில் சப்பாத்தித் துண்டு, தோசையின் முறுகிய ஓரம், வேகவைத்த காய்த்துண்டு, மெல்லிய கீற்றாக நறுக்கிய வெள்ளரி ஆகியவை போதும். அதையும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தர வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு நிலக்கடலை, வறுத்த கொண்டைக்கடலை, சோளக்கதிர், காரட், கொய்யா, சோள ரொட்டி, கம்பு ரொட்டி என்று விரிவுபடுத்தலாம். மராட்டிய நண்பர்களின் சோள பாக்கிரி இந்த ஊரிலேயே கிடைக்கும் நல்ல உணவு. பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பொட்டலம் கடலை வாங்கலாம். கரும்பைக்கூடப் பொங்கலுக்கு ஒரு நாளேனும் பல்லால் உரித்துத் தின்னக் கற்றுக் கொடுக்கலாம். தின்ற பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும்.

மெல்லுவதற்குப் பல் வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பால் பல் சொத்தையானால் "விழுகிற பல்தானே" என்று அலட்சியம் செய்கிறோம். சொத்தை உள்ள பக்கத்தில் வலிக்கிறது என்று குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லுகிறது. அல்லது மெல்லாமலே விழுங்குகிறது. பால் கடைவாய்ப்பல் காலத்துக்கு முன் விழுந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் பல்லின் வழியை அடைக்கிறது. ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல், பால் பல் அல்ல. ஆயுள் முழுவதற்குமான பல். அதைப் பால் பல் என்று எண்ணி இழக்கும் குடும்பங்கள் எத்தனையோ! இரவில் இனிப்புப் பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். வாயைத் திறந்தபடி தூங்கிக் குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறம் சதை வளர்ந்திருக்கலாம். வாயால் மூச்சு விடும் பழக்கமும் முக வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். அந்தப் பிள்ளையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாடையை எடுப்பாக்கும் என்று சொல்லி, கடித்துப் பழகும் ரப்பர் சாதனங்களைச் செல்போன் விளம்பரங்களில் விற்கிறார்கள். இருபது வயதைக் கடந்தவருக்கு எலும்பு வளரும் காலம் முடிந்துவிட்டது. தசை வேண்டுமானால் புடைக்கும். கூடவே தாடை மூட்டில் வலியும் வரலாம். சம்பளப் பணத்தை அதில் போட வேண்டாம். அதைவிட முக்கியமானது பாக்கும் குட்காவும். இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க ஓயாமல் பாக்கு மெல்லும் தொழிலாளத் தோழர்கள், "நாங்களும்தான் மெல்லுகிறோம்" என்று சொல்லிவிடக் கூடாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாக்கை மென்று மென்று கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காமல் போனவர்கள் பலர். அதன் பிறகு சோற்றை மெல்லவும் வழியில்லை. மகாராஷ்டிர அரசு 2012-ல் குட்காவைத் தடை செய்தது. சட்டம் கடையை மூடலாம். வாயை நாம்தான் மூட வேண்டும்.

அரசாங்கத்தின் பொறுப்பும் சிறியதல்ல. அங்கன்வாடிக் குழந்தைகளையும் அரசுப் பள்ளி மாணவர்களையும் மருத்துவக் குழு நேரில் சென்று பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால் சுவஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் 2013-ல் இதே மகாராஷ்டிரத்தில், பால்கரில்தான் தொடங்கப்பட்டது. பல் நோய்களும் அதன் பட்டியலில் உள்ளன. குழு வரும்போது சொத்தையை மட்டும் எண்ணிக்கொண்டு போகாமல், வாயால் மூச்சு விடும் குழந்தை, ஒரு பக்கமாக மெல்லும் குழந்தை, பல்லுக்கு இடமில்லாத தாடை ஆகியவற்றையும் கவனித்து, சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துணவு மாவும் கஞ்சியுமாகவே இராமல், மூத்த குழந்தைகளுக்கு மென்று தின்னக்கூடிய பண்டமும் அதில் சேர வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

பல் வரிசை ஏற்கெனவே கோணலாகிவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளர வேண்டியதில்லை. தனியார் மருத்துவரிடம் கம்பி போடும் செலவைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. மும்பையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்கலாம். பாஷை தெரியாது, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாது என்ற தயக்கத்தாலேயே பலர் போவதில்லை. இங்குள்ள தமிழ் அமைப்புகள் ஆண்டு விழாவும் பட்டிமன்றமும் நடத்துவது நல்லதுதான். அவற்றோடு ஆண்டுக்கு ஒரு நாள் குழந்தைகளுக்குப் பல் பரிசோதனை முகாம் நடத்தி, தேவைப்படுகிறவர்களைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் முன்வந்தால், அந்தத் தொண்டு பிள்ளைகளின் முகத்தில் தெரியும்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சொல்லிவைத்தார்கள் நம் முன்னோர்கள். செரிமானத்திற்காகச் சொன்ன வார்த்தை அது. தாடையின் வளர்ச்சிக்கும் அதுவே பொருந்துகிறது. ஊரிலிருந்து வரும்போது நிலத்தையும் வீட்டையும் நாம் மூட்டை கட்டிக்கொண்டு வர முடியவில்லை. மென்று தின்னும் பழக்கத்தைக் கொண்டுவர ரயிலில் இடம் தேவையில்லை. அதையும் வழியில் தொலைத்துவிட்டு, பின்னால் கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கம்பி கட்ட வேண்டாம். இன்று இரவே தட்டில் ஒரு துண்டு காரட் வைத்து, பிள்ளை அதை மென்று முடிக்கும் வரை பக்கத்தில் உட்காருங்கள்.